எட்டுப் பரிந்துரைகளும் ஒரு கள்ளக்கடலும்: குமரி மாவட்டப் பொறியியல் வகுப்பறையில் எழுத்தும் பேச்சும்

1. வினாவில் இல்லாத ஆள்

அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் பொறியியல் படித்தவர்களுக்கு முதலாண்டு ஆங்கிலத் தாளின் ஒரு வினா எளிதில் மறக்காது. ஏதேனும் ஒரு பொருளைக் கொடுத்து அதற்கு எட்டுப் பரிந்துரைகள் எழுதச் சொல்வார்கள். இல்லையென்றால் எட்டுச் செயற்குறிப்புகள். சாலை விபத்தைக் குறைக்க எட்டு, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த எட்டு, கணினியைப் பராமரிக்க எட்டு. ஏன் எட்டு என்று கேட்டால், 16 மதிப்பெண்ணை வகுத்தால் ஒன்றுக்கு இரண்டு வருகிறதே என்பான் மாணவன். அந்தக் கணக்கில் பிழையில்லை. இரண்டு மாதிரி வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால் எந்தப் பொருளுக்கும் எட்டு எழுதிவிடலாம், அரியர் விழாது.

வினாவில் இல்லாத ஒன்றுதான் இக்கட்டுரையின் பொருள். பரிந்துரை யாருக்கு? நகராட்சி ஆணையருக்கா, லாரி ஓட்டுநருக்கா, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கைப்பிடித்து நிற்கும் தாய்க்கா? மூவருக்கும் ஒரே எட்டைச் சொல்ல முடியாது. ஆனால் விடைத்தாளில் மூவரும் இல்லை. திருத்துபவர் மட்டும் இருக்கிறார்; அவருக்கோ அந்தப் பரிந்துரைகளால் ஆகவேண்டிய காரியம் எதுவுமில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பரிசீலிக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணங்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. திருவிதாங்கூரின் முதல் அச்சகத்தை லண்டன் மிஷன் சங்கத்தார் இயக்கியது நாகர்கோவிலில்தான். மேடைப் பேச்சுக்குப் பேர்போன ஊர்கள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. இத்தனையும் இருந்தும், நம் பொறியியல் மாணவருக்குத் தொழில்சார் எழுத்தும் பொதுப் பேச்சும் வரவில்லை என்ற புலம்பல் வேறெங்கும் போலவே இங்கும் கேட்கிறது. படிப்பறிவில்லாத இடத்தில் கேட்டால் அந்தப் புலம்பலுக்கு உடனே ஒரு காரணம் சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது.

2. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

குமாரகோவிலில் 1989இல் தொடங்கிய நூருல் இஸ்லாம் கல்லூரி, தோவாளையின் சி.எஸ்.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி, சுங்கான்கடையின் புனித சவேரியார் கல்லூரி, கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி என்று தொடங்கும் பட்டியல் மார்த்தாண்டம், மஞ்சாலுமூடு வரை நீளும். இவற்றில் படிப்பவர்களில் பெரும்பகுதியினர் வேலை தேடிப் போவது சென்னைக்கு, பெங்களூருக்கு, பக்கத்துத் திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க்குக்கு, பிறகு வளைகுடாவுக்கு. ஆகவே பேச்சும் எழுத்தும் என்றாலே பிளேஸ்மென்ட், பிளேஸ்மென்ட் என்றாலே ஆங்கிலம் என்ற சமன்பாடு உறுதிப்பட்டிருக்கிறது.

அதிகம் கேட்கும் விளக்கமும் இதிலிருந்து பிறப்பதுதான். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை. அதைச் சரிசெய்தால் மற்றவை தாமே சரியாகும் என்கிறது அது. இதைப் பாதி உண்மை என்றுதான் சொல்ல வேண்டும். பொறியியலின் நூல்கள், தரக்குறியீடுகள், பொறிகளின் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. காங்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456ஐ வாசிக்க முடியாத கட்டடப் பொறியாளரை யாரும் நம்பி வேலை கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து சரளமாகப் பேசிக்கொண்டு வரும் மாணவர் எழுதும் புராஜெக்ட் அறிக்கையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை குறைவாக இருக்கும். என்ன செய்தார், ஏன் செய்தார், முடிவு எவருக்குப் பயன்படும் என்பவை அதிலும் பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு விளக்கம் ஆளுமை சார்ந்தது. கூச்சம், தாழ்வுணர்ச்சி, தன்னம்பிக்கைக் குறைவு. சாஃப்ட் ஸ்கில்ஸ் என்ற பெயரில் இதற்கென்று ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. குமரி மாவட்ட மாணவருக்குக் கூடுதலாக ஒரு கூச்சமும் உண்டு. விளவங்கோட்டுக்காரர் சொல்வதை அவர் ஊரில் ‘பறை’வார், சென்னையில் அந்த வாயைத் திறந்தால் மலையாளியா என்பார்கள், திருவனந்தபுரத்தில் திறந்தால் பாண்டிக்காரனா என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சிக்குள் இருந்த நிலத்தின் பேச்சு அது. கூச்சம் நிஜம்தான். ஆனால் அதைப் போக்க, கண்ணைப் பார்த்துப் பேசு, கையைக் கட்டாதே, புன்னகை செய் என்று சொல்லிக்கொடுப்பதில், பேசவேண்டிய விஷயம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மூன்றாவது, தமிழ்வழிப் பொறியியலை முன்னிறுத்துவோரின் விளக்கம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் தமிழ்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு, தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. சேர்க்கை குறைந்ததைக் காட்டி 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் இப்பிரிவுகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். தமிழில் பொறியியல் சொல்ல முடியும் என்பதை இனிமேல் நிரூபிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் காட்டினார். கோவையில் பொறியியல் கல்லூரி நடத்திய ஜி.ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழையும் நடத்தினார். ஆயினும் பயிற்றுமொழியை மாற்றுவது தானாகவே வாசகரைக் கொண்டுவந்துவிடாது. திருத்துபவருக்காக எட்டுப் பரிந்துரைகளைத் தமிழிலும் எழுதலாம்.

மூன்று விளக்கங்களும் தங்களுக்குள் சண்டையிட்டாலும் ஒன்றில் உடன்படுகின்றன: மூன்றும் பேசுகிறவரிடம் குறை தேடுகின்றன. கேட்பவர் எதிலும் இல்லை.

3. சான்றிதழும் நடைமுறையும்

விந்தை என்னவென்றால், பொறியியல் கல்வியை அளக்கும் அதிகாரபூர்வ ஆவணத்தில் கேட்பவர் இருக்கிறார். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. அதையொட்டித் தேசிய அங்கீகார வாரியம் ஒவ்வொரு பொறியியல் பட்டதாரிக்கும் வகுத்த 12 விளைவுகளில், நெடுங்காலம் நடைமுறையில் இருந்த பட்டியலின்படி, 10ஆவது தகவல் தொடர்பு. சிக்கலான பொறியியல் பணிகளைப் பற்றிச் சக பொறியாளர்களிடமும் பரந்த சமூகத்திடமும் திறம்பட எடுத்துரைக்க வேண்டும். அறிக்கையும் வடிவமைப்பு ஆவணமும் எழுதத் தெரிய வேண்டும். தெளிவான அறிவுறுத்தலைக் கொடுக்கவும் வாங்கவும் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது கேட்பவர் இரண்டு வகை. முதல் வகையினர் துறைக்காரர்கள். இரண்டாவது வகை, ஊர். கொடுப்பது மட்டுமல்லாமல் வாங்குவதும் அதில் இருக்கிறது என்பதை அடிக்கோடிட வேண்டும்.

அங்கீகாரத்துக்கான கோப்புகளில் இந்தப் 10ஆவது விளைவுக்கு நேரே ஒவ்வொரு பாடத்துக்கும் 1, 2, 3 என்று எண்கள் நிரப்பப்படுகின்றன. ஊருக்கு எடுத்துரைத்ததற்கு எது சான்று என்று அந்தக் கட்டங்கள் கேட்பதில்லை.

பாடத்திட்டங்களின் தலைப்பும் பலமுறை மாறிவிட்டது. 2013 ஒழுங்குமுறை வரை ‘டெக்னிக்கல் இங்கிலீஷ்’, 2017இல் ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ முன்னால் வந்து சேர்ந்தது, 2021இல் ‘புரொஃபெஷனல் இங்கிலீஷ்’. பெயர் எதுவானாலும் வரையறை, செயல்முறை விளக்கம், வரைபட விளக்கம், வேலை விண்ணப்பம், விபத்து அறிக்கை, சாத்தியக்கூறு அறிக்கை என்ற வரிசை ஏறக்குறைய தொடர்கிறது. அந்த வரிசை மோசமானது என்று சொல்லமாட்டேன். பொறியாளர் வாழ்நாள் முழுதும் எழுதப்போகும் வகைகள்தாம் அவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விபத்து அறிக்கை எழுதும் மாணவர் எந்த விபத்தையும் பார்க்கவில்லை. சாத்தியக்கூறு அறிக்கை எழுதுபவர் எந்த இடத்துக்கும் போகவில்லை. முதலாண்டிலேயே, துறைப்பாடம் எதையும் தொடுவதற்கு முன்பே, இவை முடிந்துவிடுகின்றன. எழுத உண்மையான விஷயம் கையில் வரும் நான்காம் ஆண்டில் ஆங்கில ஆசிரியர் அருகில் இல்லை. அப்போது வழிகாட்டுபவர் துறை ஆசிரியர். அவருக்கு மாதிரிச் சோதனையின் முடிவு முக்கியம், பத்தியின் ஒழுங்கு அல்ல. இலக்கியம் படித்து வந்த ஆசிரியருக்கு வாசகர் என்றால் யார் என்று தெரியும், பொருள் தெரியாது. துறை ஆசிரியருக்குப் பொருள் தெரியும். இருவரும் ஒரே மாணவரின் ஒரே பக்கத்தின்மேல் குனிவதற்குக் கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் கல்லூரியில் சாமுவேல் ஏர்ல் பொறியியல் மாணவருக்கான எழுத்துப் பாடநூலை 1911இல் வெளியிட்ட நாள் தொட்டு இந்தப் பிளவு பேசப்படுகிறது என்பதால், இது நமக்கு மட்டும் வாய்த்த சாபமல்ல.

புராஜெக்ட் அறிக்கை பற்றி இன்னொரு சொல். எழுத்துருவின் பெயர், அளவு, வரி இடைவெளி, அட்டையின் நிறம் வரை விதிகள் உண்டு. மாணவரும் அவற்றை வழுவாமல் காப்பாற்றுகிறார். புராஜெக்ட் சென்டர்களில் பணம் கொடுத்தால் இவை எல்லாம் அமைந்த அறிக்கை பைண்டிங்கோடு கிடைக்கும். விதி எதைக் கேட்கிறதோ அதையே கடையும் விற்கும்.

4. கடலோரத்து வாசகர்

ஊருக்கு எடுத்துரைப்பது என்றால் என்ன என்பதைக் குமரி மாவட்டம் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது 2017 நவம்பர் இறுதியில்.

இந்திய வானிலைத் துறை காற்றின் வேகத்தை வைத்துச் சொற்களைப் பிரிக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்; 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்; 62 முதல் 88 வரை புயல். நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலில் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. ஏறக்குறைய ஒரே நாளில் மூன்று சொற்களைக் கடந்தது. எச்சரிக்கை எப்போது வந்தது என்று பிறகு கேரள அரசுக்கும் வானிலைத் துறைக்கும் எழுந்த விவாதத்தைக் கூர்ந்து பார்த்தால், அது பெரும்பாலும் சொல்லைப் பற்றிய விவாதம். கடலுக்குப் போகவேண்டாம் என்ற குறிப்பு முன்பே தரப்பட்டது என்றது துறை. ‘புயல்’ என்ற சொல் 30ஆம் தேதி நண்பகலில்தான் வந்தது என்றது அரசு. இரு தரப்பும் தத்தம் ஆவணத்தைக் காட்ட முடிந்தது. திரும்பி வராதவர்கள் தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர்.

நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான தூத்தூர் வட்டார ஊர்கள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவை. விசைப்படகுகள் கரைவிட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தன. கடலுக்குப் போகவேண்டாம் என்ற வாக்கியம் ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு எழுதப்பட்டதே அல்ல. அந்த வாக்கியத்தின் இலக்கணம் குற்றமற்றது. தமிழும் நல்ல தமிழ்தான். படகில் இருப்பவர் என்ற ஒரு வாசகர் அதை எழுதியவரின் மனத்தில் இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தத் துறைமுகம் பக்கம் என்ற மூன்று விவரங்களை அவருக்காக எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும் அவர்களைச் சென்றடைந்திருக்குமா என்பது வேறு கேள்வி, படகுகளின் வி.எச்.எஃப். கருவி எட்டும் தூரம் சிறிது. பிறகு 2019இல் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. அது ஒருவழிக் கருவி. படகிலிருந்து திருப்பிப் பேச முடியாது. அறிவுறுத்தலைக் கொடுக்கவும் வாங்கவும் என்ற அந்த 10ஆவது விளைவின் இரண்டாம் பாதி இங்கும் விடுபட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி 2024 மே 6. கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அது கள்ளக்கடல் நாள். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. இறந்தவர்கள் படிப்பறிவில்லாதவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கள்ளக்கடல் என்ற சொல்லின் கதை தனிச் சுவையுடையது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயலால் உருவாகும் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இராது, மேகம் இராது, எந்த முன்னறிகுறியும் இராது. திருடனைப் போல் வந்து கரையேறும் கடலுக்குக் கேரளக் கரையின் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012இல் யுனெஸ்கோ அதை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தன் அறிக்கைகளில் அதே சொல்லைப் பயன்படுத்துகிறது. கலைச்சொல் மேலிருந்து கீழே வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது ஒரு பாடம். அலைவீச்சு, அலைவுக்காலம் என்று பத்து வரியில் விளக்கவேண்டிய இயற்பியலை வலைக்காரர் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டார். அதோடு என்ன அபாயம் என்பதையும் உள்ளே வைத்துவிட்டார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கும், நீவாடு என்று நீரோட்டத்துக்கும் பெயர் வைத்திருக்கும் கரை இது. இயந்திரவியல் மாணவருக்குப் பாய்ம இயக்கவியல் கட்டாயப் பாடம். அந்தச் சொற்களில் ஒன்றுகூட அங்கே நுழைந்ததில்லை.

ஆனால் அதே சொல் வாசகர் மாறினால் தோற்றுப்போகிறது. வெளியூர்ப் பயணிக்குக் கள்ளக்கடல் என்றால் ஒன்றும் புரியாது. இத்தகைய எச்சரிக்கைகளில் அலையின் உயரம் ஒன்று, ஒன்றரை மீட்டர் என்று குறிக்கப்படுவதுண்டு. அதைப் படிப்பவர், என் இடுப்பளவுதானே என்று எண்ணிவிடுவார். அவருக்கு வேறு விதமாக எழுத வேண்டும். இன்று கடல் பார்வைக்கு அமைதியாகத்தான் தெரியும், காற்றும் இராது, ஆனால் பல சின்ன அலைகளுக்குப் பிறகு ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும், மணல் ஈரமாக இருக்கும் கோட்டைத் தாண்டாதீர்கள், பாறைமேல் ஏறாதீர்கள். நானே எழுதிப் பார்த்த இந்த வரிகள் நல்லவை என்று வாதிட வரவில்லை. அடைப்புக்குள் எண் இல்லை, கலைச்சொல் இல்லை, ஆனால் இதை எழுத நெடிய அலை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இது பொறியாளர் எழுதவேண்டிய பலகை.

5. கூடங்குளம் காட்டிய எல்லை

இவ்வளவு தூரம் வந்தபின் ஓர் எச்சரிக்கையை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். நன்றாக எடுத்துச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

குமரி எல்லையைத் தாண்டினால் கூடங்குளம். அங்குள்ள அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011இல் இடிந்தகரையை மையமாகக் கொண்டு எழுந்த போராட்டத்தில் குமரிக் கரையின் மீனவ ஊர்களும் கலந்துகொண்டன. மத்திய அரசு அமைத்த 15 பேர் கொண்ட வல்லுநர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நாகர்கோவிலில் பிறந்த ராக்கெட் உந்துவியல் அறிஞர் ஏ.இ. முத்துநாயகம். மண்ணின் மைந்தர், தமிழர், துறை அறிவில் குறையில்லாதவர். ஆயினும் உரையாடல் முறிந்தது. மக்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை என்று ஒரு சாரார் அதற்குக் காரணம் கூறினார்கள். போராட்டக்காரர்களோ விளக்கவுரையைக் கேட்கவில்லை. இடத்தேர்வு மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் கேட்டார்கள். அவற்றைத் தரவேண்டும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது. மூல ஆவணத்தைப் பூட்டி வைத்துவிட்டு, படம் போட்டு எளிமையாக விளக்கினால் கேட்பவர் தம்மைக் குழந்தையாக நடத்துவதாகவே உணர்வார்.

பிரையன் வின் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர் கம்பிரியா மலைப்பகுதியின் ஆட்டு இடையர்களிடம் செய்த ஆய்வு இங்கே பொருந்தும். செர்னோபில் விபத்துக்குப் பிறகு 1986 ஜூனில் அங்கே ஆட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் அறிவியலாளர்கள். அவர்கள் கணக்கு வேறுவகை மண்ணுக்கானது. அந்த மலையின் கரிமண்ணில் சீசியம் தங்கிவிட்டது. சில பண்ணைகளில் தடை 2012 வரை நீடித்தது. மண்ணையும் மேய்ச்சலையும் பற்றி இடையருக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. இடையர்களின் நம்பிக்கை போனது அறிவியல் புரியாததால் அல்ல என்பது வின்னின் முடிவு. இதை ஏற்றால், பொதுப் பேச்சுப் பயிற்சியின் பாதி காது சம்பந்தப்பட்டது. நம் கல்லூரி லேபுகளிலும் கேட்டல் பயிற்சி உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி, பதிவு செய்த ஆங்கில உரையாடலைக் கேட்டு, கோடிட்ட இடத்தை நிரப்புவது.

6. மேடைகளின் மாவட்டம்

பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்தவர் பொதுவுடைமைப் பேச்சாளர் ஜீவா. ஒழுகினசேரியில் மறு ஆண்டு பிறந்தவர் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் தொகுதியிலிருந்து 1977இல் மக்களவைக்குப் போன குமரி அனந்தன் அங்கே தமிழில் கேள்வி கேட்கப் போராடியவர். கோவில் கொடை, ஆலயத் திருவிழா, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம் என்று ஆண்டு முழுதும் ஒலிபெருக்கி ஓயாத ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பேச்சறியாதவர்கள் என்பது நம்பக் கடினமானது.

இதைக் காட்டி, மேடைத் தமிழை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரலாமா என்றால், கூடாது என்பேன். மேடைப் பேச்சு ஏற்கெனவே உடன்பாடுள்ள கூட்டத்தை உணர்ச்சியால் கட்டுவது. அடுக்குமொழியில் மின்மாற்றியை விளக்கினால் கைத்தட்டல் கிடைக்கும், மின்மாற்றி புரியாது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்குவதும் பெரும்பாலும் இந்த அடுக்குமொழிதான்.

ஆனால் இதே மண்ணின் வில்லுப்பாட்டு வேறு ஒன்றைக் கற்றுத்தருகிறது. தலைமைப் பாடகர் கதை சொல்கையில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே, கூட்டத்துக்கு எது புரியாமல் போகுமோ அந்த இடத்தில் கேள்வி கேட்பார். அவர் கேட்பது அவருடைய சந்தேகம் அல்ல; எதிரே உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் சந்தேகம். என்.எஸ். கிருஷ்ணன் இந்த நுட்பத்தை நன்றாக அறிந்தவர். ‘நல்லதம்பி’ படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபத்திலும் பின்பாட்டுக்காரரின் குறுக்குக் கேள்வி பாதிச் சுமையைத் தூக்குகிறது. கல்லூரிக் கருத்தரங்கில் மாணவர் பிபிடியைப் பார்த்து வாசிக்கிறார், கேள்வி உண்டா என்று கடைசியில் கேட்கிறார், யாரும் கேட்பதில்லை, நன்றி என்கிறார். பக்கத்தில் ஒரு பின்பாட்டுக்காரரை நிறுத்தினால் என்ன? துறை தெரியாத வேறு பிரிவு மாணவர் ஒருவர் அந்த இடத்தில் நின்று, நடுநடுவே, அப்படியென்றால் என்ன மக்கா, என்று கேட்டால் விளக்குபவருக்குத் தப்ப வழியில்லை. இதற்குச் செலவும் கிடையாது.

எழுத்து மரபும் இருந்தது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்து, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனப்படுத்திய முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டின் நிலம், வரி, நீர் பற்றிய நிர்வாக எழுத்துகள். அவற்றின் நடையை இன்று யாரும் பின்பற்ற முடியாது. இன்னாருக்கு இன்னார் எழுதியது என்று தொடங்கும் பழக்கத்தை மட்டும் பின்பற்றலாம்.

7. மறுப்புகள்

வாசகரை முன்வைத்துத் திருத்தித் திருத்தி எழுதவைக்க நேரம் எங்கே என்பது முதல் மறுப்பு. ஒரு வகுப்பில் 60 பேர், ஓர் ஆசிரியர், ஆளுக்கு மூன்று திருத்தம் என்றால் 180 தாள். இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே பக்கத்தை நான்கு முறை திருத்தி எழுதச் செய்வது எட்டு வகை அறிக்கைகளை ஒருமுறை எழுதுவதைவிடப் பயன்தரும் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வு இருக்கும்வரை எந்தக் கல்லூரியும் அதற்குத் துணியாது.

இரண்டாவது மறுப்பு வெற்றிக்கதைகளிலிருந்து வருகிறது. இஸ்ரோவின் தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த கே. சிவனும், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணனும் இந்த மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து தமிழ்வழியில் படித்துப் போனவர்கள். அவர்களால் முடிந்ததே, பிறகென்ன பயிற்சி என்பார்கள். இருவருடைய எடுத்துக்காட்டையும் நான் மதிக்கிறேன், சான்றாக ஏற்கவில்லை. ஆற்றில் நீந்திக் கரையேறிய இருவரைக் காட்டிப் பாலம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது மறுப்பு கடினமானது. கேட்பவரை மையமாக வைத்தால் தமிழில் எழுதிப் பழக வேண்டும் என்று நான் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்று நாகர்கோவில் புறநகரின் கட்டுமான இடத்துக்குப் போய்ப் பார்த்தால், கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் அடிப்பவரும் ஒடிசாவிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்தவர்கள். இளம் பொறியாளர் அவர்களிடம் கவர் பிளாக்கின் கனத்தைத் தமிழிலும் சொல்ல முடியாது, ஆங்கிலத்திலும் சொல்ல முடியாது. கையால் அளவு காட்டி, சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் படம் வரைந்து, அரைகுறை இந்தியில் சொல்கிறார். அதுவும் தொழில்சார் எழுத்துதான். ஒருவேளை மாவட்டத்தில் தினமும் மிக அதிகமாக நடக்கும் தொழில்சார் எழுத்து அதுவே. எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை. மொழி எது என்ற விவாதத்தைவிட எதிரே நிற்பவர் யார் என்ற கேள்வி முன்னால் வரவேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

8. தமிழ்ப் பக்கம்

2022 முதல் முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரு பாடங்கள் சேர்ந்திருக்கின்றன. இரண்டாவதில் அணை, ஏரி, மதகு, சோழர்காலக் குமிழித்தூம்பு எல்லாம் வருகின்றன. மாணவர் குமிழித்தூம்பைப் பற்றித் தமிழில் படித்துத் தமிழிலேயே எழுதுகிறார். கல்லூரி ஜன்னலுக்கு வெளியே ஓடும் கால்வாயில், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருகிறது. கடைமடைக்கு அது ஏன் எட்டவில்லை என்று தோவாளைப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ஒரு பக்கத்தில் எழுது, அதையே நீர்வளத் துறைப் பொறியாளருக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பக்கத்தில் எழுது என்று ஒரு பயிற்சி கொடுக்கலாம். பாடத்திட்டத்தில் ஒரு வரி மாற வேண்டியதில்லை; மதகு ஏற்கெனவே அதில் இருக்கிறது. முதல் பக்கத்தைத் திருத்துவது ஆசிரியர் அல்ல, அந்த விவசாயி. அவர் வாசித்துவிட்டு, இது எனக்குத் தெரிந்ததுதானே தம்பி, ஷட்டர் எப்போ திறப்பாங்க, என்று கேட்டால் பக்கம் தேறவில்லை.

முதுநிலைப் பொறியியல் ஆய்வேட்டில் ஆங்கிலச் சுருக்கத்துக்கு அடுத்து ஒரு பக்கம் தமிழ்ச் சுருக்கத்துக்கென்று இருக்கிறது. பல்கலைக்கழக விதி அதை இன்னும் எடுத்துவிடவில்லை. எனக்குக் காணக் கிடைத்த பலவற்றில் அந்தப் பக்கம் ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்தது. எழுதியவரே ஒருமுறை வாசித்ததாகத் தெரியவில்லை. வைவாவில் அதை யாரும் புரட்டுவதும் இல்லை. ஆய்வேட்டின் அத்தனை பக்கங்களிலும் மாணவரின் அம்மா வாசிக்கக்கூடிய ஒரே பக்கம் அது.